நாமா, நாங்களா?

போன மாதம் சிவகாசிக்குப் போயிருந்தபோது அக்கா மகள் ஒரு சந்தேகத்தோடு காத்திருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம் அவள் பள்ளியில் பிரெஞ்சு ஆரம்பித்திருக்கிறார்கள்.

"மாமா, 'நூ'ன்னா நாமளா, நாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ப்ளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவன். எங்கள் வகுப்பில் பிரெஞ்சு எடுத்த எல்லாருக்கும் காரணம் ஒன்றுதான், மார்க் வரும். எனக்கும் வந்தது. மனப்பாடம் செய்த கட்டுரைகளை அப்படியே எழுதிவிட்டு இன்ஜினியரிங் போனேன். பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர் கேட்கவும் தெரியாது. இந்தப் பொண்ணு ஆறு மாதத்தில் கேட்ட கேள்வி எனக்கு அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

கேள்வி சாதாரணமானது அல்ல. தமிழில் எதிரே இருப்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். பிரெஞ்சின் 'நூ', ஆங்கிலத்தின் 'வீ' இரண்டிலும் இந்தப் பிரிவு கிடையாது. யார் உள்ளே, யார் வெளியே என்பதை இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அக்காவின் கேள்வி வேறு. "இதப் படிச்சு நமக்கு என்னடா ஆகப்போகுது?"

தமிழ்ப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஊர் புதுச்சேரி. அங்கே இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. 1826இல் அங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளி தொடங்கினார்கள். இன்று கடற்கரைப் பக்கம் இருக்கும் லிசே பிரான்சே அதன் தொடர்ச்சிதான். முதலில் அது ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. அதாவது, 'நாங்கள்'. உள்ளூர் இந்துப் பிள்ளைகளுக்காக கலவை சுப்பராய செட்டியார் 1877இல் பள்ளி தொடங்கியபோது அரை நூற்றாண்டு ஓடியிருந்தது.

பிரான்ஸின் பழைய பாடநூல்களில் ஒரு வாசகம் பிரபலம். இன்றைய பிரான்ஸில் ஒரு காலத்தில் வாழ்ந்த கோல் இனத்தாரே மூதாதையர் என்று வரலாற்றுப் பாடம் சொல்லும். அந்த வாசகம் காலனிப் பள்ளிகளுக்கும் போனது. காலனியக் கல்வியைக் கேலி செய்பவர்கள் இன்றைக்கும் முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அங்கே வருகிற சொல் 'நோ'. அதைத் தமிழில் எழுத உட்காரும் ஆள் 'நம் மூதாதையர்' என்று எழுதுவாரா, 'எங்கள் மூதாதையர்' என்று எழுதுவாரா? வாத்தியார் சொன்னால் ஒன்று, கறுப்புப் பையன் திருப்பிச் சொன்னால் இன்னொன்று.

புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையின் கதை இந்தச் சிக்கலின் கதைதான். 1873இல் அவர் ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். படிப்பு பிரெஞ்சு, தொழில் பிரெஞ்சுச் சட்டம், ஆனால் செருப்பு மட்டும் இந்தியனுக்கானதாக இருக்க வேண்டுமாம். வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோனார். 1881இல் ஓர் ஆணை வந்தது: இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறப்பவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார்.

லா போர்த் என்றால் கதவு. அக்கா மகளின் நோட்டில் நாற்காலி, மேசை, ஜன்னலோடு அந்தச் சொல்லும் இருக்கிறது. பக்கத்தில் கலர் பென்சிலில் ஒரு கதவுப் படம்.

அந்தக் கதவு வழியாகப் போனவர்களுக்கு வேலை கிடைத்தது. இந்தோசீனாவுக்கு எழுத்தர்களாகவும் சிப்பாய்களாகவும் போனார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இன்றும் புதுச்சேரியில் 'சொல்தா' என்றே பெயர். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. அது 1962இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். ஒரே தெருவில், ஒரே சாதியில், சில சமயம் ஒரே குடும்பத்தில் 'நாம்' என்பது அந்த ஆறு மாதத்தில் இரண்டாகப் பிரிந்தது.

எங்கள் பக்கம் வரலாறு வேறு. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தொழில் இந்தக் கரிசல் காட்டில் சோறு போட்டது. பிள்ளைகளின் நேரத்தையும் தின்றது. 1980களில் சுற்றுக் கிராமங்களில் விடியுமுன் வந்து நின்ற பஸ்கள் பள்ளிக்கூட பஸ்கள் இல்லை. பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் ஏற்றிப்போன பஸ்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்துப் போடப்பட்ட வழக்கு அது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னவர்களிடம் அன்றைக்குப் பெற்றவர்கள் கேட்டதும் அக்கா கேட்டதுதான்: படிச்சு என்ன ஆகப்போகுது?

இன்று அதே ரோட்டில் மஞ்சள் வேன்கள் போகின்றன. உள்ளே ஒரு பொண்ணு அன், தூ, த்ருவா எண்ணுகிறது. எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரிகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்குப் பின்னால் வேலை இருந்தது, பென்ஷன் இருந்தது. எனக்கு மார்க் இருந்தது. இவளுக்கு இப்போதைக்கு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மொழியை மொழியாகப் பார்க்கிறாள். நாற்காலி ஏன் பொம்பள என்று சிரிக்கிறாள். மிஸ்ஸிடம் 'வூ', தோழியிடம் 'த்யூ' என்பது அவளுக்குச் சொல்லித் தராமலே விளங்கிவிட்டது, வீட்டில் நீங்கவும் நீயும் இருக்கின்றனவே. பிரெஞ்சு படித்ததால் தன் தமிழில் நாமும் நாங்களும் தனித்தனி என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். "இதுதான்க்கா ஆகும்" என்றேன். அக்கா சமாதானமாகவில்லை.

சமாதானமாகாததிலும் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இவள் வயதுதான். அவன் அம்மா பட்டாசு ஆபீசுக்குப் போகிறார். அவன் படிக்கும் அரசுப் பள்ளியில் 1968 முதலான இருமொழிக் கொள்கைப்படி தமிழும் ஆங்கிலமும்தான். அந்தக் கொள்கையில் எனக்குக் குறையில்லை. ஆனால் பலனை எதிர்பார்க்காமல் ஒரு மொழியோடு விளையாடும் நேரம், இங்கே ஃபீஸ் கட்டும் வீட்டுக்குத்தான் கிடைக்கிறது.

சாயங்காலம் இரண்டு பேரும் திண்ணையில் டீச்சர் விளையாட்டு விளையாடினார்கள். இவள் சாக்பீசால் கதவில் 'லா போர்த்' என்று தமிழில் எழுதினாள். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "நூ-ன்னா என்னன்னு மிஸ்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"ரெண்டும்தானாம் மாமா. நாமதான் பாத்துக்கிடணுமாம்" என்றாள்.