காதில் விழுந்த இடி

என் நண்பர் ஒருவருக்கு அமெச்சூர் வானொலியில் பைத்தியம். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மாடி அறைக்குப் போய், காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேச்செல்லாம் மோர்ஸ் ஒலியில்தான். ஒருநாள் அந்த ஹெட்போனை என் தலையில் மாட்டினார். அருவிக்கு அடியில் நிற்பது போல ஒரே இரைச்சல். ஊடே ஈன ஸ்வரத்தில் ஏதோ முனகிற்று.

"இதையா ஸார் விடிய விடியக் கேட்கிறீர்கள்?" என்றேன்.

சிரித்தபடி மூன்று குமிழ்களைத் திருகினார். இரைச்சல் எங்கேயோ போய்விட்டது. புள்ளியும் கோடும் மட்டும் குழல் ஊதுவது போலத் தனித்துக் கேட்டன.

"தலைமடையைக் குறைத்தேன், கடைமடையைத் திறந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். பேச்சு ஒலி ஏறி இறங்காமல் சீராகக் கேட்பதற்காக, 1925-இல் ஹெரால்டு வீலர் என்ற அமெரிக்கர் ஒலியைத் தானாகவே மட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். மோர்ஸுக்கு அது அவ்வளவாக ஒத்துவருவதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மௌனம் வந்ததும், "அடடா, ஒலி குறைந்துவிட்டதே!" என்று அது மடையைத் திறந்துவிடும், இரைச்சல் பாய்ந்து வரும். ஆகவே அனுபவசாலிகள் அதை நிறுத்திவிட்டு, அலை நுழையும் இடத்தில் பெருக்கத்தைக் குறைத்து, காதுக்கு வரும் இடத்தில் கூட்டிவைக்கிறார்கள். பக்கத்து நிலையத்தின் ஒலியை வடிகட்ட 1932-இல் ஜேம்ஸ் லாம்ப் என்பவர் படிகம் ஒன்றை வைத்து வழி சொன்னார். மூன்றாவது குமிழ் அந்த வடிகட்டியினுடையது.

1912-இல் இவை ஒன்றுமே கிடையாது.

அந்த வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு. டைட்டானிக் கப்பலில் ஜாக் பிலிப்ஸ் என்ற ஆபரேட்டர், வயது 25. முந்தின இரவு கருவி பழுதாகி, அவரும் உதவியாளர் ஹெரால்டு பிரைடும் பல மணி நேரம் போராடிச் சரிசெய்திருந்தார்கள். பிரயாணிகளின் தந்திகள் மலையாய்க் குவிந்துகிடந்தன. நியூபவுண்டுலாந்தின் கேப் ரேஸ் நிலையத்தோடு அவற்றைத் தீர்த்துக்கொண்டிருந்தார் பிலிப்ஸ். கடிகாரச் சாவி கொடுத்து ஓடவிடும் காந்தக் கருவிதான் ரிஸீவர். அதில் பெருக்கி கிடையாது. தூரத்து ஒலியைக் காதைத் தீட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும்.

இரவு சுமார் 11 மணிக்கு அந்தக் காதில் இடி விழுந்தது. அருகே நின்ற கலிபோர்னியன் கப்பலிலிருந்து சிரில் எவான்ஸ் என்ற இளைஞர், தங்கள் கப்பல் பனிக்கட்டி சூழ நின்றுவிட்டதாகச் சொல்ல வந்தார். பிலிப்ஸ், வாயை மூடு, எனக்கு வேலை இருக்கிறது என்று வெட்டிவிட்டார். காது வலித்த மனிதனின் பேச்சு அது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எவான்ஸ் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பதினொன்றரை மணி வாக்கில் கருவியை நிறுத்திப் படுத்துவிட்டார். அந்தக் கப்பலில் வேறு ஆபரேட்டர் இல்லை. 11-40-க்கு டைட்டானிக் பனிமலையில் மோதிற்று.

பிலிப்ஸின் அபயக் குரலைக் கேட்டு வந்தது சுமார் 58 மைலுக்கு அப்பாலிருந்த கார்பேதியா. அதன் ஆபரேட்டரும் படுக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். வேறொரு பதிலுக்காக ஹெட்போனைக் கழற்றாமல் வைத்திருந்தார். அதனால் எழுநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் இறந்தார்கள். பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

எவான்ஸை விடியற்காலையில்தான் எழுப்பினார்கள். பிறகு விசாரணையில், பிலிப்ஸ் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டீரா என்று கேட்டபோது, அவர் இல்லை என்றார். ஆபரேட்டர்களுக்குள் அது சகஜமாம்.