விலைபோன மண்டபமும் அதனை மீட்ட மகளிரும்

முன்னோர் எழுப்பிய கட்டடத்தைக் காப்பது பின்வந்தோர் கடமை. அக்கடமை மறக்கப்பட்டபோது நேர்ந்ததையும், நினைக்கப்பட்டபோது விளைந்ததையும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ‘ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ்’ என்னும் மண்டபத்தின் வரலாறு ஒருங்கே காட்டுகிறது.

1729ஆம் ஆண்டில் கிறித்தவச் சபையொன்றின் வழிபாட்டிற்கென எழுப்பப்பட்ட இச்செங்கல் மண்டபம், அக்காலத்தில் அந்நகரின் மிகப் பெரிய கூடமாக இருந்தது. ஆதலின் பெரிய பொதுக்கூட்டங்களும் இங்கேயே நிகழ்ந்தன. ஆங்கிலேய அரசின் தேயிலை வரியை எதிர்த்து 1773 டிசம்பர் 16 அன்று ஏறத்தாழ 5,000 மக்கள் இங்குத் திரண்டனர். தேயிலைக் கப்பல்கள் திரும்பிச் செல்ல ஆளுநர் இசையவில்லை என்னும் செய்தி மாலையில் எட்டியது. அன்றிரவே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 300க்கும் மேற்பட்டவை துறைமுக நீரில் வீசப்பட்டன. இதனை மறவாத ஆங்கிலப் படையினர், 1775இல் மண்டபத்தின் இருக்கைகளைப் பெயர்த்தெறிந்து, அதனைக் குதிரையேற்றப் பயிற்சிக்கூடமாக மாற்றினர்.

படையின் சிதைவையும், 1872இல் நகரின் ஒரு பகுதியை அழித்த பெருந்தீயையும் தாங்கி நின்ற அம்மண்டபத்திற்கு 1876இல் அதன் உரிமையாளராலேயே முடிவு நெருங்கியது. சபையார் புதிய ஆலயத்திற்குச் சென்றுவிட்டனர். வணிகப் பகுதியாகிவிட்ட அவ்விடத்தில் நிலத்தின் விலையோ பன்மடங்கு உயர்ந்திருந்தது. செங்கல்லும் மரமும் பெறும் விலையாக 1,350 டாலருக்கு மண்டபம் ஏலம் போயிற்று. இடிக்கும் பணியும் தொடங்கிற்று.

செய்தியறிந்த நகரமக்கள் அம்மண்டபத்திலேயே கூடினர். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய வெண்டல் பிலிப்ஸ் அங்கு உரையாற்றினார். மகளிர் 20 பேர் ஒன்றிணைந்து கட்டடத்தை 3,500 டாலருக்கு வாங்கினர். எனினும் சுவர்கள் மட்டுமே அவர்களுக்குரியனவாயின. அவை நின்ற நிலத்தின் விலை 4 இலட்சம் டாலர். மேரி ஹெமன்வே என்னும் பெருமாட்டி தனியொருவராக 1 இலட்சம் டாலர் ஈந்தார். எஞ்சிய தொகையைத் திரட்டுவதற்கு எமர்சன், லாங்ஃபெலோ முதலிய புலவர்களும் துணைநின்றனர். பெண்கள் வாக்குரிமை பெற்றிராத காலத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது.

1877இல் அமைந்த ‘ஓல்டு சவுத் சங்கம்’ மண்டபத்தை அருங்காட்சியகமாக்கியது. சுவர்களைக் காத்ததோடு அச்சங்கம் அமையவில்லை. ஹெமன்வே அம்மையாரின் முயற்சியால் இளைஞர்களுக்கான வரலாற்றுச் சொற்பொழிவுகள் அங்கு நடைபெற்றன. தம் ஊரின் பழமையை அறியாத தலைமுறை அதனை மீண்டும் ஏலத்தில் விட்டுவிடும் என்பதை அம்மகளிர் உணர்ந்திருந்தனர். ஒரு காலத்தில் 1,350 டாலர் என மதிப்பிடப்பட்ட அம்மண்டபம், வருவோர்க்குத் தன் வரலாற்றை உரைத்தபடி இன்றும் அவ்விடத்திலேயே நிற்கிறது.