பாட்டைக் கண்டுபிடி: ஒரு விளையாட்டும் எங்கட கரையோரத்து ஞாபகமும்

ஒரு பாட்டின் முதல் சில நொடி மட்டும் கேட்கும். என்ன பாட்டு என்று சொல்ல வேணும். வயசானவங்களின் மூளைக்குப் பயிற்சி என்று இந்த விளையாட்டை இப்ப ஃபோனிலும் முதியோர் இல்லங்களிலும் புதுசா அறிமுகப்படுத்துறாங்க. ஆனா காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்து அம்மம்மாமாருக்கும் மூத்தம்மாமாருக்கும் இது புதுசு இல்ல. றேடியோப் பெட்டிக்கு முன்னால இருந்து பாட்டைக் கண்டுபிடிச்சு வளர்ந்த தலைமுறை அது.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். சாஸ்திரிய சங்கீதம்தான் வளர வேணும் என்பது அவர் கொள்கை. பாட்டு கேட்க ஏங்கின இந்திய நேயர்கள் தங்கட வானொலியை இலங்கைப் பக்கம் திருப்பினாங்க. 1957 ஒக்டோபரில் விவித பாரதி தொடங்கும் வரைக்கும் இந்தியாவிடம் இதற்குச் சரியான பதில் இருக்கவில்லை. அதுக்குள்ள றேடியோ சிலோனின் வர்த்தக சேவை கடல் கடந்தும் பேர் எடுத்துட்டு. அதே 1952இல்தான் அமெரிக்க வானொலியிலும் மெட்டைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஒரு போட்டி நிகழ்ச்சி தொடங்கியது.

எங்கட நாட்டில் தொலைக்காட்சி வந்ததே 1979இல். அதுவரைக்கும் காதுதான் எல்லாம். அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் பாடினவரையும் இசையமைப்பாளரையும் சேர்த்துச் சொல்லுவார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவங்களுக்கு, முன்னிசை தொடங்கின உடனேயே அறிவிப்பாளரை முந்திக்கொண்டு பதில் சொல்ல வந்துட்டு. பிறகு பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வந்தது. ஓர் எழுத்துச் சொல்லப்படும், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேணும். வானொலியில் தொடங்கி தமிழகத் தொலைக்காட்சி வரைக்கும் போன நிகழ்ச்சி அது.

வானொலியோடு மட்டும் இதை நிறுத்தக் கூடாது. ஒரு பாட்டின் முடிவில் இருந்து அடுத்ததைத் தொடங்குற அந்தாதி, தமிழின் பழைய ஞாபக உத்தி. எழுதி வைக்காமலே நூறு பாட்டை வரிசை மாறாமல் சொல்ல அது உதவியது. மட்டக்களப்புத் தேசத்தின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிஞ்சு, பாட்டாலயும் மோதிக்கொள்ளும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழின் இசையைச் சிலப்பதிகாரத்தின் வரிகளை வைத்துத் தேடினவர். அந்த 'யாழ்நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அவர் செய்ததும் ஒரு வகையில் துண்டை வைத்து முழுசைக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

சரி, இது மூளைக்கு நல்லதா? இரண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்க வேணும். பாட்டை அடையாளம் காணும் திறன் உண்மையிலேயே அதிசயமானது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலமான பாட்டுகளின் பத்தில் ஒரு நொடித் துண்டைக் கேட்க வைத்து, ஐந்து பெயர்களில் எது என்று கேட்டாங்க. குருட்டுவாக்கில் சொல்வதைவிட நல்லாவே சொன்னாங்க. அல்சைமர் நோயில் மூளையின் மற்றப் பகுதிகள் பழுதாகும்போதும், பழகிய இசையை நினைவில் வைக்கும் பகுதிகள் ஓரளவு தப்பி நிற்கின்றன என்று 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் காட்டினாங்க.

ஆனா, விளையாடினால் மறதி வராது என்று விற்பது வேற கதை. 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு கிழமை கணினியில் மூளைப் பயிற்சி செய்தாங்க. பயிற்சி செய்த விளையாட்டில் முன்னேறினாங்க. மற்ற வேலைகளுக்கு அந்த முன்னேற்றம் போய்ச் சேரவில்லை. அதனால பாட்டு விளையாட்டை மருந்தாக்கத் தேவையில்ல.

அப்ப அதன் பயன் என்ன? வயசானவங்களுக்குப் பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் இடைப்பட்ட ஞாபகங்கள்தான் கூடுதலாகத் தங்கும் என்று உளவியல் சொல்லுது. 1950 வாக்கில் பிறந்த ஒருவருக்கு அது 1960 முதல் 1980 வரை. இலங்கை வானொலி கொடிகட்டிப் பறந்த காலம். எங்கட பகுதிக்கு அது இன்னொரு காலமும் கூட: 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் வன்முறை வெடிக்கிறதுக்கு முந்தின காலம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அலைவரிசை ஒலிச்சது. அதைப் பாத்தவங்க இப்ப எழுபது, எண்பதில் இருக்காங்க. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கரையோர வீடுகளில் இருந்த படங்களும் கடிதங்களும் போயிட்டு. மிச்சம் இருக்கிற ஆவணம் அவங்கட தலைக்குள்ள மட்டும்தான்.

நேரா "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால், பலர் "என்னத்தச் சொல்ற மகன்" என்று முடிச்சிடுவாங்க. ஒரு முன்னிசையைப் போட்டுப் பாருங்க. பாட்டின் பெயருக்குப் பிறகு யார் வீட்டில் றேடியோ இருந்தது, பட்டறி தீர்ந்தால் எந்தக் கடைக்குப் போனாங்க, பக்கத்தில் யார் இருந்தாங்க என்று பேச்சு தானா வரும். சினிமாப் பாட்டு வேண்டாம் என்கிற வீடுகளுக்கு நாகூர் ஹனிபா இருக்கார்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது ஒரு வேலைமுறை. ஒரு ஃபோன், இருபது பாட்டு, ஒலிப்பதிவுக்கு அவங்கட அனுமதி. இவ்வளவும் போதும். காரைதீவில் ஒரு குழுவும் மாளிகைக்காட்டில் ஒரு குழுவும் ஒரே இருபது பாட்டை வைத்து விளையாட்டுக் காட்டினால், இரண்டு பக்கப் பதில்களையும் ஒன்றாக வைத்துக் கேட்கலாம். புள்ளி யாருக்குக் கூட என்பது முக்கியமில்ல. பதிலுக்குப் பிறகு வர்ற கதையை நிறுத்தாமல் பதிவு செய்யுங்க. விளையாட ஆள் இருக்கும்போதே தொடங்க வேணும்.