ஜெராக்ஸ் கடையில் தொடங்கி நெட்ஃபிளிக்ஸ் வரை... பிலிப்பைன்ஸ் ரசிகர் திருவிழாக்களில் உள்ளூர் காமிக்ஸ் எப்படி விற்கிறது?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஒரு பெரிய ஹால். ஒரு பக்கம் அனிமே வேஷம் போட்ட இளைஞர்கள் செல்ஃபிக்கு நிற்கிறார்கள், இன்னொரு பக்கம் பொம்மைக் கடைகளில் கூட்டம் மொய்க்கிறது. இவர்களைத் தாண்டிப் போனால் வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருப்பது அவர்களே எழுதி, அவர்களே வரைந்து, கைக்காசு போட்டு அச்சடித்த காமிக்ஸ் புத்தகங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பொழுதுபோக்கு மாதிரி தெரியும். ஆனால் பிலிப்பைன்ஸ் காமிக்ஸின் கடந்த 20 ஆண்டுக் கதையில் பாதி இந்த மேஜைகளில் இருந்துதான் வந்திருக்கிறது. 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் அனிமேஷன் தொடராக வந்த 'ட்ரெஸே' முதலில் ஜெராக்ஸ் பிரதியாகக் கைமாறிய கதை என்று சொன்னால் நம்புவீங்களா?

*புத்தகக் கடை இருக்கும்போது திருவிழா எதுக்கு?*

இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும்.

பிலிப்பைன்ஸ் மக்கள் காமிக்ஸை 'கோமிக்ஸ்' என்கிறார்கள், எழுத்திலும் அப்படியே. 1929-ல் 'லிவாய்வாய்' வார இதழில் வந்த 'கென்கோய்' என்ற கதாபாத்திரத்தில் இருந்து இந்தக் கதை தொடங்குகிறது. படைத்தவர்கள் டோனி வெலாஸ்குவெஸ், ரோமுவால்டோ ராமோஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தனி காமிக்ஸ் இதழ்கள் வந்தன. 1946-ல் 'ஹலக்ஹக்', 1947-ல் 'பிலிப்பினோ கோமிக்ஸ்'. 1950-ல் மார்ஸ் ராவேலோ எழுத, நெஸ்டர் ரெடோண்டோ வரைய, 'டார்னா' பறந்து வந்தாள். அந்த ஊரில் டார்னாவைத் தெரியாத ஆளே கிடையாது. எத்தனை சினிமா, எத்தனை டிவி தொடர்!

அந்தக் காலத்தில் கோமிக்ஸ் விற்க யாரும் ஹால் பிடிக்க வேண்டியதில்லை. தெருமுனை பேப்பர் கடையிலும், நம்ம ஊர் பெட்டிக்கடை மாதிரியான 'சாரி-சாரி' கடையிலும் தொங்கும். வாங்கக் காசு இல்லையா? சில்லறை கொடுத்து வாடகைக்கு எடுத்து, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தார்கள்.

இந்த வலைப்பின்னல் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. 1972-ல் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பிறகு உள்ளடக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, தாளின் தரமும் இறங்கியது. நல்ல ஓவியர்கள் பலர் அமெரிக்க கம்பெனிகளுக்கு வரையத் தொடங்கினார்கள். டோனி டிசுனிகா வழி திறந்துவிட, அல்ஃப்ரெடோ அல்காலா, அலெக்ஸ் நினோ, ரெடோண்டோ என்று ஒரு தலைமுறையே டிசி, மார்வெல் பக்கம் போனது. டிவி, சினிமா, வீடியோ கேம் எல்லாம் சேர்ந்து மிச்ச வாசகர்களையும் இழுத்துக்கொண்டன. 2000-களின் மத்தியில் பழைய பெரிய பதிப்பகங்களின் காலம் முடிந்துபோனது.

2007-ல் இயக்குநர் கார்லோ ஜே. கபராஸ் பழைய பாணி மலிவு விலை கோமிக்ஸை மறுபடி தெருக்கடைக்குக் கொண்டுவர முயற்சி செய்தார். நிலைக்கவில்லை. வரைய ஆள் இருந்தது, படிக்க ஆள் இருந்தது, நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடைதான் இல்லை. அந்த இடத்தைத்தான் திருவிழா பிடித்தது.

*கோமிகான், கோமிகெட்... என்ன வித்தியாசம்?*

2005-ல் கேசான் நகரில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக டிலிமன் வளாகத்தில் முதல் 'கோமிகான்' நடந்தது. உள்ளூர் கோமிக்ஸை மட்டுமே மையமாக வைத்த திருவிழா என்பதுதான் இதன் சிறப்பு. பெரிய ஆண்டு விழா தவிர, சுயமாகப் பதிப்பிக்கும் சின்னப் படைப்பாளிகளுக்கென்றே 'இண்டிகெட்' என்ற சந்தையும் பின்னால் சேர்ந்தது.

2015-ல் 'கோமிகெட்' வந்தது. தொடங்கியவர்கள் எழுத்தாளர் பாவ்லோ ஹெராஸும் ஓவியர் டெபாய் பாஸ்குவலும். 'கோமிக்ஸ்', 'மார்க்கெட்' இரண்டும் கலந்த பெயர். ஜப்பானில் 1975 முதல் நடக்கும் பிரம்மாண்டமான 'காமிகெட்' சந்தையையும் இந்தப் பெயர் ஞாபகப்படுத்தும். அங்கேயும் கதை இதுதான், ரசிகர்கள் சொந்தமாக அச்சடித்து நேரில் விற்பது.

டாய்கான் போன்ற பெரிய பாப் கலாசாரத் திருவிழாக்களிலும் உள்ளூர் படைப்பாளிகள் மேஜை போடுவதுண்டு. ஆனால் அங்கே வருகிற கூட்டம் பொம்மைக்கும் அனிமேவுக்கும் வருகிற கூட்டம். ஆயிரம் பேர் மேஜையைக் கடந்து போவதும், கோமிக்ஸ் வாங்குவதற்காகவே பை எடுத்துக்கொண்டு நூறு பேர் வருவதும் ஒன்றல்ல. முதல் புத்தகம் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

*மேஜையில் இருந்து மேலே போனவர்கள் யார்?*

ட்ரெஸே கதைக்கு வருவோம். விளம்பரத் துறையில் இருந்த பட்ஜெட் டான் எழுத, காஜோ பல்டிசிமோ வரைய, 2005-ல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே மாதம் 20 பக்கம் முடிக்கணும் என்பது ரெண்டு பேரும் வைத்துக்கொண்ட சவால். மணிலாவில் பேய், பூதம், அஸ்வாங் சம்பந்தப்பட்ட குற்றங்களைத் துப்பறியும் அலெக்ஸாண்ட்ரா ட்ரெஸேதான் நாயகி. பளபளப்பான தாள், கலர் அட்டை எதுவும் கிடையாது. ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேபிள் அடித்து, மலிவு விலைக்கு விற்றார்கள். 2008-ல் விஸ்பிரிண்ட் பதிப்பகம் புத்தகமாக்கியது. 2021 ஜூனில் ஆறு எபிசோடு தொடராக உலகம் முழுக்கப் போனது.

அதற்கு முன்னாலும் உதாரணம் இருக்கிறது. அர்னால்ட் அர்ரேயின் 'தி மித்தாலஜி கிளாஸ்' 1999-ல் தவணை தவணையாக வந்து தேசியப் புத்தக விருது வாங்கியது. கார்லோ வெர்கராவின் 'ஸாஸா ஸாடுர்னா' 2002-ல் அவர் சொந்தமாகப் போட்டது. சின்ன ஊரில் பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு கே, விண்ணில் இருந்து விழுந்த கல்லை விழுங்கி சூப்பர் ஹீரோயின் ஆகும் கதை. பெரிய பதிப்பகம் எதுவும் அன்று தொட்டிருக்குமா என்பது சந்தேகம். 2006-ல் மேடை இசை நாடகமாகவும் சினிமாவாகவும் வந்தது.

ஜெர்ரி அலங்கிலன் இன்னொரு ரகம். மார்வெல், டிசிக்கு இங்க் வேலை செய்து பெயர் வாங்கியவர். தன் சொந்தக் கதையான 'எல்மர்' என்று வந்தபோது 2006 முதல் நான்கு இதழ்களாக அவரே பதிப்பித்தார். கோழிகளுக்கு மனுஷ அறிவு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், படித்தால் தொண்டை அடைக்கும். 2010-ல் அமெரிக்காவில் வெளியாகி, அடுத்த ஆண்டு ஐஸ்னர் விருதுக்குப் பரிந்துரையானது. 2019 டிசம்பரில் அவர் காலமானார்.

*லாபம் வருமா? ஒரு கணக்கு*

மேலே சொன்னவர்கள் எல்லாம் விதிவிலக்கு. பெரும்பாலான மேஜைகளின் நிலைமை வேற. நாமே ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக மட்டும் (ஒரு பெசோ என்பது ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்).

ஒரு புத்தகம் அச்சடிக்க 60 பெசோ, 200 பிரதி போட்டால் 12,000. மேஜை வாடகை 3,000. பஸ், சாப்பாடு, மூட்டை தூக்கும் கூலி எல்லாம் 1,500. மொத்தம் 16,500 பெசோ. விலை 150 என்று வைத்தால், 110 பிரதி விற்றால்தான் போட்ட காசு கைக்கு வரும். மாசக்கணக்கில் வரைந்த கூலி இதில் ஒரு பைசாகூடச் சேர்க்கவில்லை.

80 பிரதி விற்றால்? 4,500 பெசோ நஷ்டம், கூடவே 120 புத்தகம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அடுத்த திருவிழாவுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கேயும் மேஜைக்கும் பயணத்துக்கும் மறுபடி 4,500. ஆக அங்கே 60 விற்ற பிறகுதான் கணக்கு சரியாகும்.

இதனால்தான் பல பேர் மேஜையைப் பங்கு போடுகிறார்கள். வாடகை பாதியானால், முதல் திருவிழாவிலேயே 100 பிரதியில் முதல் திரும்பிவிடும். இன்னொரு வழி, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு எட்டுப் பக்கம் வரைந்து ஒரே தொகுப்பாகப் போடுவது. செலவும் பங்கு, நாலு பேரின் நண்பர்களும் வாங்க வருவார்கள்.

சரி, புத்தகக் கடையில் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். ஆனால் விற்ற பிறகு பணம் தருகிற முறைதான் அதிகம், கடைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 150 பெசோ புத்தகத்தில் கைக்கு வருவது 90. அச்சுச் செலவு போக 30. அதே புத்தகத்தை மேஜையில் விற்றால் 90 நிற்கும். மேஜை வாடகையைக் கட்டிவிட்ட பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் இந்த வித்தியாசம் இருக்கு.

ஒரு ஆறுதல், பிலிப்பைன்ஸில் பொதுவாக 12 சதவீத வாட் வரி உண்டு, ஆனால் புத்தகத்துக்கு விலக்கு.

*எத்தனை பக்கம், எத்தனை பிரதி?*

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கணும். 24, 28, 32 இப்படி. ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், அவ்வளவுதான் விஷயம். 26 பக்கத்தில் கதையை முடித்துவிட்டு அச்சகத்தில் போய் நிற்கிறவர்களுக்கு ரெண்டு பக்கம் காலியாகக் கிடக்கும். அனுபவசாலிகள் அதில் அடுத்த இதழ் விளம்பரம் போட்டுவிடுகிறார்கள்.

ஆஃப்செட்டில் நிறைய பிரதி அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும். அந்த ஆசையில் 1,000 அடித்தால் மாட்டிக்கொள்வது நாமதான். டிஜிட்டல் பிரிண்டிலும் ஜெராக்ஸிலும் பிரதி விலை கூடுதல், ஆனால் 50 மட்டும் அடித்துப் பார்க்கலாம். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். முதல் புத்தகத்துக்கு இதுதான் தூக்கம் கெடாத வழி.

*அந்த ஒரு நாளில் என்ன நடக்கும்?*

விற்பனை பெரும்பாலும் முதல் சில நொடியில் முடிவாகிறது. நடந்து போகிறவர் கண் அட்டையில் விழணும். புத்தகத்தைப் படுக்கப் போட்டால் பக்கத்தில் வந்தால்தான் தெரியும், ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தால் தூரத்திலேயே தெரியும். "இது என்ன கதை?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருக்கணும். 'மணிலாவில் பேய்க் கேஸ் பிடிக்கிற பொண்ணு' என்றால் போதும். பத்து நிமிஷம் கதை சொல்ல ஆரம்பித்தால் வந்தவர் தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

விலையை 137 என்று வைத்துவிட்டு சில்லறைக்கு அலையக் கூடாது. 50, 100, 150 என முழு நோட்டுக் கணக்குதான் வசதி. ஜிகேஷ் மாதிரி மொபைல் பேமென்ட் அங்கே ரொம்ப சகஜம், கியூஆர் கோடு மேஜையில் இருக்கும். ஆனால் ஹாலுக்குள் கூட்டம் சேர்ந்தால் சிக்னல் படுத்துவிடும், அதனால் சில்லறைப் பையும் கூடவே இருக்கணும்.

படைப்பாளிகளைக் கொஞ்சம் வருத்தப்பட வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. பல மேஜைகளில் ஸ்டிக்கர், சாவிக்கொத்து, பிரபல அனிமே கதாபாத்திரங்களின் ஃபேன் ஆர்ட் பிரிண்ட் எல்லாம் கோமிக்ஸை விட வேகமாகப் போகும். தெரிந்த முகத்தை வாங்க யோசிக்கத் தேவையில்லை, தெரியாத கதைக்கு ஒரு நம்பிக்கை வேணும். சிலர் ஸ்டிக்கர் காசில் புத்தகத்தை ஓட்டுகிறார்கள். ஃபேன் ஆர்ட் என்பது அடுத்தவர் உரிமை உள்ள கதாபாத்திரம் என்பதையும் மறக்க முடியாது. சொந்தக் கதாபாத்திரத்தையே ஸ்டிக்கர் ஆக்குகிறவர்கள் மெதுவாகத்தான் விற்கிறார்கள், ஆனால் அந்த ஸ்டிக்கர் புத்தகத்துக்கு ஆள் கொண்டுவரும்.

*கதை யாருக்குச் சொந்தம்?*

பிலிப்பைன்ஸின் அறிவுசார் சொத்துரிமைச் சட்டப்படி (1998-ல் நடைமுறைக்கு வந்தது), படைத்த நொடியிலேயே காப்புரிமை படைப்பாளிக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று கிடையாது. படைப்பாளியின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 50 ஆண்டு.

மேஜையில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கு. ரசிகர் ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொல்கிறார். அந்தத் தாள் அவருக்குச் சொந்தம். ஆனால் எழுத்தில் வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை காப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க வாங்கியவருக்கு உரிமை இல்லை.

ஒருவர் எழுதி ஒருவர் வரைகிற ஜோடிகள் கவனிக்க வேண்டியது இது. 100 பிரதி விற்கும்போது பங்கு பற்றி யாரும் பேசுவதில்லை. சினிமாவோ ஓடிடியோ கதவைத் தட்டும்போதுதான் 'பேர் யாருது, பாதி யாருது' என்ற பேச்சு வரும். அப்போது கையில் ஒரு காகிதம் இல்லை என்றால் நட்பும் போகும், கதையும் முடங்கும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும், ஆனால் அதை அச்சகத்துக்குப் போகும் முன்னாலேயே எழுதிவிடணும்.

*இப்போ நிலைமை எப்படி?*

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்ததும் ஹால்கள் பூட்டப்பட்டன. இணையத்தில் விற்றார்கள், கூரியரில் அனுப்பினார்கள், பிடிஎஃப்பாகக் கொடுத்தார்கள். திருவிழாக்கள் திரும்பியபோது மேஜைகளும் திரும்பின. 2025 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் கௌரவ விருந்தினர் நாடு பிலிப்பைன்ஸ்தான்.

வரப்போகும் திருவிழாவுக்கு மேஜை எடுக்க நினைக்கிறவர்கள் நாட்காட்டியையும் பார்ப்பது நல்லது. பிலிப்பைன்ஸில் தனியார் ஊழியர்களுக்கு '13-வது மாதச் சம்பளம்' சட்டப்படி டிசம்பர் 24-க்குள் கொடுத்தாகணும். கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் காலமும் அதுதான். அந்த மாதங்களில் மேஜை எடுப்பவர்கள் வழக்கத்தைவிட ஒரு பெட்டி கூடுதலாகவே சுமந்து வருகிறார்கள்.