‘காதல்’ முதல் ‘சார்புநிலை’ வரை: தீராப் பழக்கத்தைக் குறிக்கும் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

ஒரு சமுதாயம் தீய பழக்கத்திற்கு என்ன பெயர் இடுகிறதோ, அப்பெயருக்கேற்பவே அதில் சிக்கியவரை நடத்துகிறது. இழுக்கு என்று பெயரிட்டால் பழியும், குற்றம் என்று பெயரிட்டால் தண்டனையும், நோய் என்று பெயரிட்டால் மருத்துவமும் பின்தொடர்கின்றன. மது, சூது, போதைப்பொருள் ஆகியவற்றில் விட முடியாதபடி ஆழ்ந்துவிட்ட நிலையைக் குறிக்க இன்றைய தமிழில் ‘அடிமை’ என்னும் சொல்லே பெருவழக்காக உள்ளது. ஆங்கிலத்திலிருந்து மருத்துவ நூல்களையும் சட்டங்களையும் பெயர்ப்போரும் பெரும்பாலும் இச்சொல்லையே ஆள்கின்றனர். இச்சொல்லுக்கு முன்னர்த் தமிழில் வழங்கிய சொற்கள் யாவை, இச்சொல் தரும் பொருள் யாது, இன்றைய மருத்துவக் கருத்தை இது தாங்குமா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

2. கள்ளும் காதலும்

சங்க இலக்கியத்தில் நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி எனக் கள்வகைகளுக்குப் பல பெயர்கள் உள்ளன. ‘மகிழ்’, ‘களி’ என்னும் சொற்கள் உவகையையும் கள்ளால் வரும் மயக்கத்தையும் ஒருங்கே குறித்தன. அதியமான் நெடுமான் அஞ்சியின் இறப்புக்கு இரங்கி ஔவையார் பாடிய பாடலில் (புறநானூறு 235) அவன் கள்ளைப் பகிர்ந்தளித்தமை அவனுடைய ஈகைக்குச் சான்றாகிறது. பழிக்கும் குறிப்பு அங்கு இல்லை. குடித்தலுக்குச் சொல் இருந்தது. குடியை விடமாட்டாத நிலையைத் தனித்துப் பிரித்துக் காட்டும் நோக்கம் அப்பாடல்களில் முதன்மை பெறவில்லை.

அந்நோக்கம் தெளிவுறப் புலப்படும் இடம் திருக்குறள். ‘கள்ளுண்ணாமை’ 93ஆம் அதிகாரம்; ‘சூது’ 94ஆம் அதிகாரம்; அடுத்துள்ள 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, வைப்புமுறை. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் அமைய, கள்ளுண்ணாமை பொருட்பாலில் அமைகிறது. கள்ளால் வரும் கேட்டை வள்ளுவர் மானம், மதிப்பு, அறிவு, பொருள் ஆகியவற்றின் இழப்பாகவே விரித்துரைக்கிறார். பொருள் கொடுத்துத் தன்னை அறியாமையை வாங்குதல் என்பது அவர் காட்டும் முரண். இரண்டாவது, சொல்லாட்சி. அதிகாரத்தின் முதற்குறளில் அவர் வேட்கையைக் குறிக்க ஆளும் சொல் ‘கட்காதல்’ என்பதாகும். சூது அதிகாரத்தின் இறுதிக் குறளிலும் இழக்குந்தோறும் சூதின்மேல் மிகும் பற்று ‘காதல்’ என்னும் சொல்லாலேயே சுட்டப்படுகிறது.

இன்பத்துப்பாலின் உயிர்ச்சொல்லாகிய காதலை இவ்விரு கேடுகளுக்கும் வழங்கியமை தற்செயல் எனத் தோன்றவில்லை. இன்பத்துப்பாலிலும் கள்ளின் களிப்பும் காமக் களிப்பும் ஒப்பிடப்படுகின்றன (குறள் 1090). கேடு என்று அறிந்தும் நெஞ்சு நாடுவதைக் காதல் என்னும் சொல் குறிக்கிறது. இச்சொல்லில் ஆளும் பொருளுக்கும் இடையே உள்ள உறவு விருப்பமே; கட்டு அன்று. விரும்புகிறவன் தன் விருப்பத்திற்குப் பொறுப்பாளன். ஆதலின் அறிவுரை கூறித் திருத்த முயல்வது இச்சொல்லுக்கு இயைந்த வழியாகும். ஆயினும், களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது பயன்தராது என்பதையும் வள்ளுவரே ஒரு குறளில் (929) கூறிவிடுகிறார்.

3. அடிமை: இருமுகச் சொல்

‘அடி’ என்னும் வேரிலிருந்து வரும் ‘அடிமை’க்கு இரண்டு முகங்கள் உண்டு. பத்தி இலக்கியத்தில் அது பெருமைக்குரிய நிலை. அடியார், அடியேன் என்பன அதே வேரினவே. மறுபுறம், விற்கவும் வாங்கவும் படும் ஆளையும் அது குறித்தது. பஞ்சத்தாலும் கடனாலும் தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்டோரைச் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லாதபடி செய்தது. அதன் பின்னர் இச்சொல் பெரிதும் உருவக வழக்காயிற்று.

‘அடிக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதனோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது. பண்டை உரோமச் சட்டத்தில், கடனைத் தீர்க்க இயலாதவனை நீதித் தலைவர் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவன் ‘அடிக்டஸ்’. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தில் இச்சொல் கல்வியிலோ இறைப்பணியிலோ தம்மை ஈடுபடுத்திக்கொண்டோரையும் குறித்தது. பத்தியும் கட்டும் ஒரு சொல்லுக்குள் வாழ்ந்தமை இருமொழிக்கும் பொது. இவ்வொற்றுமையைக் கடன்பேறு என்று கொள்ள வேண்டுவதில்லை. தன்னைத் தன்வசம் வைத்திராத நிலையை மொழிகள் ஆண்டான்–ஆள் உறவாகக் காண்பதன் விளைவு எனலாம்.

காதல் என்னும் சொல் கூறாத ஓர் உண்மையை அடிமை என்னும் சொல் கூறுகிறது. விருப்பம் தேய்ந்த பின்னரும் கட்டு நீடிக்கிறது என்பதே அது. அதே வேளையில் அது மனிதனுடைய தன்மையையே மாற்றி உரைக்கிறது. காதல் உடையவன் மனிதன். அடிமையோ ஒரு வகை மனிதன்.

4. அரசின் சொற்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் மது வருவாய்க்குரிய பொருளாயிற்று. சென்னை மாகாண அப்காரிச் சட்டம் 1886இல் இயற்றப்பட்டது. பாரசீகத்திலிருந்து வந்த ‘அப்காரி’ என்னும் சொல் மதுவின் உற்பத்தி, விற்பனை, வரி ஆகியவற்றைக் குறித்தது. குடிப்பவனுக்கு இச்சொல்லில் இடமில்லை. கஞ்சாவைப் பற்றி 1893–94லும் அபினைப் பற்றி 1893–95லும் விசாரணைக் குழுக்கள் அமைந்தபோதும் ஆட்சியின் வருவாய் நலன் விவாதத்தின் நடுவே நின்றது.

இதற்கு எதிராக எழுந்த இயக்கம் தனக்கென ஒரு சொல்லைத் தேர்ந்தது. இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929 முதல் நடத்திய மதுவிலக்கு இதழின் பெயர் ‘விமோசனம்’. கட்டு என்னும் உருவகத்தை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து விடுதலை என்று அப்பெயர் கூறியது. அவர் தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொணரப்பட்டது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இச்சட்டத்தின்கீழ்க் குடித்தலும் குற்றமாயிற்று. விமோசனத்திற்கு உரியவர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியும் ஆனார்.

பின்னர் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் தொடங்கப்பெற்று, 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. மது விற்பனையை ஒழுங்குசெய்யும் துறையின் பெயரில் ‘மதுவிலக்கு’ என்னும் சொல் இன்றும் நிலைத்துள்ளது. பொருள் மாறியும் பெயர் மாறாமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

5. மருத்துவத்தின் சொற்கள்

சுவீடன் நாட்டு மருத்துவர் மாக்னஸ் ஹுஸ் 1849இல் ‘ஆல்கஹாலிசம்’ என்னும் சொல்லை வழங்கியதிலிருந்து குடி ஒரு நோயின் பெயரையும் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957இல் அடிக்ஷன் வேறு, பழக்கப்படுதல் வேறு எனப் பிரித்தது. நடைமுறையில் அப்பிரிவு குழப்பம் தந்தமையால், 1964இல் இரண்டையும் நீக்கி ‘டிப்பெண்டன்ஸ்’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தது. தமிழில் ‘சார்பு’, ‘சார்புநிலை’ என்பன இதற்கு நேரானவை.

1990இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, சார்புநிலைக்கு ஆறு கூறுகளைக் காட்டியது. அடங்காத வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, நிறுத்தினால் உடலில் தோன்றும் துன்பம், முன்னைய அளவு போதாமை, பிற இன்பங்களையும் கடமைகளையும் புறக்கணித்தல், கேடு விளைவதை அறிந்தும் தொடர்தல் என்பன அவை. வள்ளுவர் காதல் என்று சுட்டியது இவற்றுள் முதலாவதற்கு நெருங்கியது. இழக்குந்தோறும் மிகும் பற்று என்றது இறுதியானதை நினைவூட்டுவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் சூதாட்டத்தைப் போதைப்பொருள்களோடு ஒரே இயலில் சேர்த்தது. ஆயினும் நடுவிலுள்ள கூறுகள், குறிப்பாக உடலின் மாற்றம், அறநூலின் சொல்லுக்குள் அடங்குவன அல்ல.

இந்தியச் சட்டமும் இம்மாற்றத்தைப் பின்பற்றியுள்ளது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் ‘அடிக்ட்’ என்பவரைப் போதைப்பொருளுக்கு ‘அடிக்டட்’ ஆனவர் என வரையறுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கி, ‘டிப்பெண்டன்ஸ்’ உடையவர் என மாற்றியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. இரண்டு வரையறைகளையும் ‘அடிமையானவர்’ என்றே பெயர்த்தால், சட்டம் மாறியதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை.

6. சொல்லும் வாழ்வும்

சொல்லாய்வு எனத் தோன்றும் இச்சிக்கல் நோயுற்றோரின் வாழ்வைத் தொடுகிறது. ‘குடிப்பழக்கம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழக்கம் என்பது மன உறுதியால் விடத்தக்கது. ஆகவே ‘இன்றே விட்டுவிடு’ என்று வீட்டார் வற்புறுத்துகின்றனர். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நில்லாமல் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். இத்துன்பத்தைக் குறிக்கும் கலைச்சொல்லை ‘விலகல் குறிகள்’ என்று மட்டும் பெயர்ப்பது அதன் அச்சத்தை மறைக்கிறது. ‘நிறுத்துவதால் வரும் உடல்நோவு’ என்பது போன்ற விளக்கத் தொடர் நோயாளிக்கும் வீட்டார்க்கும் பயன்படும்.

பெயர் மருத்துவரையும் பாதிக்கிறது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பு இரு வகைச் சொல்லில் மனநலப் பணியாளர்களுக்குத் தரப்பட்டது. போதைப்பொருளைத் ‘தவறாகப் பயன்படுத்துபவர்’ என்று படித்தோர், ‘அதனால் நோயுற்றவர்’ என்று படித்தோரைவிட அம்மனிதரை மிகுதியாகக் குறைகூறினர்; தண்டிக்கும் முறைகளையும் கூடுதலாக ஏற்றனர். பயிற்சி பெற்றோரிடமே இவ்வேறுபாடு தோன்றுமாயின், பொதுமக்களிடத்துக் கூற வேண்டுவதில்லை.

7. முடிவுரை

காதல், அடிமை, குற்றம், நோய், சார்புநிலை எனத் தொடரும் இவ்வரிசையில் பின்வந்த சொல் முன்னதை முற்றும் நீக்கிவிடவில்லை. அனைத்தும் ஒருங்கே இன்றும் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன மூன்று. மருத்துவ, சட்ட நூல்களில் நிலையைக் குறிக்கச் ‘சார்புநிலை’யையும், மதுவைப் பொறுத்தவரை ஏற்கெனவே வழக்கிலுள்ள ‘குடிநோய்’ என்பதையும் ஆளலாம். ‘சார்பு’ என்று தனித்து எழுதினால் பக்கச்சார்பு என்னும் பொருளும் தோன்றுமாதலின், ‘மதுச் சார்புநிலை’ எனப் பொருளை அடைகொடுத்து எழுதுதல் தெளிவு தரும். ஆளைக் குறிக்குமிடத்து ‘அடிமை’, ‘குடிகாரன்’ ஆகியவற்றைத் தவிர்த்து ‘குடிநோய் உடையவர்’ என எழுதுதல் வேண்டும். இலக்கியத்திலும் தன்வரலாற்றிலும், தம் நிலையைத் தாமே அடிமைத்தனம் என்று உரைப்பவரின் சொல்லை மாற்றுதல் ஆகாது. அது அவர் பட்ட பாட்டின் பெயர். பிறர் அவர்க்கு இடும் பெயரோ, நோய் நீங்கிய பின்னரும் நீங்காமல் ஒட்டிக்கொள்வது. அப்பெயரைத் தேர்ந்து இடும் பொறுப்பில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பாளர்க்கும் உண்டு.