பொன் ஓலை கொண்டுவந்த வெங்காலி

சென்னைப் பட்டினம் பிறந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடப்ப நாயக்கர், 1639 எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்களும் ஆண்டும்தான். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியில், 28 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கப்பல் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. அதன் பெயர் குளோப். அதில் வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆரம்பக் காலப் பயணங்களில் கேப்டன், மாலுமித் தலைவர்கள், சரக்குக்குப் பொறுப்பான வியாபாரிகள் என்று பலரும் நாட்குறிப்பு எழுதினார்கள். ஊர் திரும்பியதும் அதைக் கும்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்துப் போகிற கப்பலுக்கு அதுதான் வழிகாட்டி. எந்தக் காற்றில் எந்தத் துறைக்குப் போகலாம், எங்கே மணல்திட்டு இருக்கிறது, எந்த ஊர் அதிகாரி எவ்வளவு கேட்பான் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாமுவேல் பர்ச்சஸ் என்ற பாதிரியார் இவற்றில் பலவற்றைச் சுருக்கி, 1625இல் நான்கு பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். அவர் மட்டும் அந்த வேலையைச் செய்யாமல் போயிருந்தால் நமக்கு இந்தக் கதைகளில் பாதி இல்லை.

குளோப் கப்பலிலிருந்து நமக்கு இரண்டு நாட்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று நதானியேல் மார்ட்டின் என்ற மாலுமி எழுதியது. அதில் அட்சரேகையும் காற்றின் திசையும் காந்த ஊசியின் விலகலும்தான் முக்கியம். இன்னொன்று பீட்டர் ஃப்ளோரிஸ் எழுதியது. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள். மார்ட்டினைப் படித்தால் கப்பல் எங்கே இருந்தது என்று தெரியும். ஃப்ளோரிஸைப் படித்தால்தான் நம் நாடு எப்படி இருந்தது என்று தெரியும்.

ஃப்ளோரிஸ் ஆங்கிலேயர் இல்லை. முன்பு டச்சுக் கும்பெனியில் வேலை பார்த்துக் கோரமண்டலக் கரையை நன்றாக அறிந்தவர். லூகாஸ் ஆன்தூனிஸ் என்ற கூட்டாளியோடு லண்டனுக்குப் போய், ஆங்கிலக் கும்பெனியிடம் ஒரு திட்டம் சொன்னார். வெள்ளியைக் கொண்டுபோய் மிளகு வாங்குவதைவிட, கோரமண்டலத்தில் துணி வாங்கி, அதைப் பாந்தத்திலும் பட்டானியிலும் சயாமிலும் விற்று, அந்தப் பணத்தில் மற்றச் சரக்கு பிடிப்பதே லாபம் என்பதுதான் அந்தத் திட்டம். மலாய்த் தீவுகளில் நம் நெசவாளர்களின் துணிக்கு அவ்வளவு மதிப்பு. கோரமண்டலக் கரைதான் மொலுக்கஸ் தீவுகளின் இடது கை என்று டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தார். வாசனைப் பொருளுக்காக வந்தார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. அந்த வாசனைப் பொருளை வாங்க உதவிய காசு நம் தறியில்தான் நெய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

1611 தொடக்கத்தில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய குளோப், இலங்கையைச் சுற்றி, நாகப்பட்டினத்தையும் சாந்தோமையும் கடந்து, ஆகஸ்ட் 9 அன்று பழவேற்காட்டின் எதிரே வந்து நின்றது. கேப்டன் அந்தோனி ஹிப்பன். நம் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. முத்துக்குளித்துறை அப்போது போர்த்துக்கீசியர் பிடியில் இருந்தது. சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இந்தத் தொடரை எழுதும் எனக்கு அது ஒரு சின்னக் குறைதான். ஆனாலும் இந்தக் கதை கடைசியில் நம் சீமையையும் தொடாமல் விடாது.

மறுநாள் ஃப்ளோரிஸும் பிரவுன் என்பவரும் படகில் கரைக்கு வந்தார்கள். பழவேற்காட்டு அலை படகைப் புரட்டிப் போட்டது. யாரும் சாகவில்லை. கரையில் நின்ற ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரி, ஈரத்தோடு நின்றவர்களுக்கு இரக்கப்பட்டுத் தங்க ஒரு வீடு கொடுத்தார். ஊரை நிர்வகித்தவர் கொண்டம்மா என்ற பெண். அவரிடம் பேச அரசரின் கடிதம் வாங்கித் தருவதாகவும் ஷாபந்தர் சொன்னார்.

அதற்கடுத்த நாளே டச்சுக்காரர்களின் தலைவர் வான் வெசிக் வந்து நின்றார். அவர் கையில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் கவுல், அதாவது உரிமைச் சாசனம். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களில் டச்சு இளவரசர் மாரிஸின் அனுமதிச் சீட்டு உள்ளவர்களைத் தவிர யாரும் இங்கே வியாபாரம் செய்யக்கூடாது என்று அதில் இருந்தது. எங்களுக்கு இங்கிலாந்து மன்னரின் ஆணை இருக்கிறது என்று இவர்கள் சொல்ல, வார்த்தை தடித்தது. ஷாபந்தர்தான் நடுவில் புகுந்து அடக்கினார். இன்னும் மூன்று நாளில் அம்மா வருவார், அவரே தீர்ப்பு சொல்லட்டும் என்றார்.

17ஆம் தேதி கொண்டம்மா வந்தார். ஹிப்பனும் கரைக்கு இறங்கினார். நாளை கூப்பிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார் கொண்டம்மா. மறுநாள் யாரும் வரவில்லை. இவர்களே ஆள் அனுப்பிக் கேட்டதும் பதில் வந்தது: அரசர் டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார், வேண்டுமானால் அரசரிடமே போய்க் கேளுங்கள். அரசர் இருந்த வேலூருக்குப் போய்த் திரும்ப இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பட்டானிக்குப் போக வேண்டிய பருவக்காற்று கைவிட்டுப் போய்விடும். டச்சுக்காரர்களோ அரசருக்கு அனுப்ப இரண்டு யானைகளை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார்கள். குளோப் பாயை விரித்துக்கொண்டு வடக்கே பெட்டப்பொலிக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போய்விட்டது.

கொண்டம்மாவைச் சூழ்ச்சிக்காரி போல எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசர் கொடுத்த கவுலை மீறாமல், வந்தவர்களை அவமானப்படுத்தாமல், பந்தை வேலூர்ப் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு துறைமுகத்தை நடத்தத் தெரிந்த நிர்வாகி அவர்.

இடைப்பட்ட காலத்தை விரைவாகத் தாண்டுகிறேன். ஹிப்பன் 1612இல் பட்டானியில் இறந்தார். கப்பல் சயாம் வரை போனது. பழவேற்காட்டு டச்சுக் கிடங்கைச் சாந்தோம் போர்த்துக்கீசியர்கள் 1612இல் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஃப்ளோரிஸ் மறுபடி மசூலிப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார்.

1614 ஜூலை 29. இந்தத் தேதிக்காகத்தான் இந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன். அன்று வேலூர் அரசரிடமிருந்து நான்கு தூதர்கள் ஃப்ளோரிஸைத் தேடி வந்தார்கள். அவர்களோடு ஃப்ளோரிஸின் ஆள் ஒருவரும் வந்தார். நாட்குறிப்பு அவர் பெயரை வெங்காலி என்று தருகிறது. அவர்கள் கொண்டுவந்தவை: அரசரின் கவுல், அரசரின் கையே சந்தனத்தில் பதிந்த ஒரு வெள்ளைத் துணி, அதாவது அபய ஹஸ்தம், பழவேற்காட்டு அரசி ஒபயம்மாவின் கவுல், ஜக ராஜா, திம்ம ராஜா முதலான பெரிய மனிதர்களின் கடிதங்கள். அரசரின் கடிதம் பொன் தகட்டில் எழுதப்பட்டிருந்தது.

பழவேற்காட்டில் முன்பு நடந்ததற்கு அதில் வருத்தம் தெரிவித்திருந்தார் வேங்கடபதி ராயர். எங்கள் நாட்டுக்கு வாருங்கள், பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் விருப்பப்படி வீடோ கோட்டையோ கட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஆண்டுக்குச் சுமார் 400 பவுன் வருமானம் வரும் ஓர் ஊரையும் ஃப்ளோரிஸுக்குக் கொடுத்தார். வந்தால் மேலும் செய்வதாக வாக்கும் தந்தார்.

இதற்குக் காரணமும் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார்கள். இந்த முறை எடுபடவில்லை. ஆண்டுதோறும் ஆங்கிலக் கப்பல்கள் தங்கள் கரையைத் தாண்டிப் போவதையும், தங்களுக்கு ஒரு காசு வராததையும் பார்த்துப் பார்த்து மனம் வெந்த மக்கள் அரசரிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வாங்குபவன் இருந்தால் துணிக்கு அவன் வைத்ததுதான் விலை. இரண்டாவது வாங்குபவன் வேண்டும் என்று கேட்டது கரையோர மக்கள். வந்தவனுக்கு எல்லாம் கதவைத் திறந்த ஏமாளி அரசன் என்று வேங்கடபதி ராயரைப் பழிப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

இனி வெங்காலி. அவர் அரசரின் முன்னால் நேரிலேயே போய் நின்று பேசியிருக்கிறார். அரசர் தன் கையை அவர் தலைமேல் வைத்தார். மரியாதை உடை ஒன்றும் கொடுத்து அனுப்பினார். அவர் எந்த ஊர், என்ன குலம், என்ன சம்பளம் எதுவும் நாட்குறிப்பில் இல்லை. 1611இல் கேப்டனும் தலைமை வியாபாரிகளும் கப்பலோடு வந்து நின்று சாதிக்க முடியாத காரியம் அது. அதைச் சாதித்துத் திரும்பியவர் ஒரு வேலைக்காரர். கடற்கரைச் சாலையில் எத்தனையோ பேருக்குச் சிலை வைத்திருக்கிறோம். இந்த மனிதரின் பெயர் ஒரு பாடப்புத்தகத்தில்கூட இல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. கும்பெனியின் ஆரம்பக் கால வரலாற்றில் என்னைக் கேட்டால் நாயகன் அவர்தான்.

மூன்று மாதம் கூட முடியவில்லை. அக்டோபர் 25 அன்று மசூலிப்பட்டினத்துக்குச் செய்தி வந்தது, வேங்கடபதி ராயர் இறந்துவிட்டார் என்று. அரசர் ஐம்பது ஆண்டு ஆண்டார் என்று ஃப்ளோரிஸ் எழுதுகிறார். உண்மையில் முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. சந்தைப் பேச்சைக் கேட்டு எழுதியதன் விளைவு அது. ஆனால் அடுத்த வரியில் என் கண் அப்படியே நின்றுவிடுகிறது. அரசரின் மூன்று மனைவியர் சிதையில் உயிரோடு எரிந்தார்கள், அவர்களில் ஒருவர் பழவேற்காட்டு அரசி ஒபயம்மா. ஜூலையில் கவுல் அனுப்பியவர் அக்டோபரில் இல்லை. ஃப்ளோரிஸ் அதற்காக ஒரு சொல் வருந்தவில்லை. பெரிய குழப்பம் வரும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள், புதிதாகக் கட்டிய கோட்டையை நினைத்து டச்சுக்காரர்கள் நடுங்குகிறார்கள் என்று கணக்கு எழுதுகிறார்.

ஃப்ளோரிஸை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்து அதிகாரி கடனைத் தராமல் இழுத்தடித்தார் என்று அவருடைய மகனைப் பிடித்துக் கப்பலில் அடைத்துவைத்தவர் அவர். பிராமணப் பிள்ளை, பிறர் சமைத்ததைத் தொட மாட்டான், பட்டினி கிடந்தான். இரக்கப்பட்டதாக ஃப்ளோரிஸே எழுதிக்கொள்கிறார். அப்பா செய்ததற்குப் பிள்ளையைப் பிடிப்பது வியாபாரம் ஆகாது. பின்னாளில் கும்பெனி நம் பாளையங்களில் செய்ததன் முதல் எழுத்தை நான் இங்கே பார்க்கிறேன்.

அவர் கணித்த குழப்பம் மட்டும் அப்படியே வந்தது. பொன் ஓலையோடு கடிதம் அனுப்பியவர்களில் ஒருவரான ஜக ராஜா, ஒபயம்மாவின் குடும்பத்து ஜக்கராயர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேங்கடபதி ராயர் சாகும்போது வாரிசாகக் காட்டிய ஸ்ரீரங்கரையும் அவருடைய குடும்பத்தையும் கொன்று தீர்த்தவர் இந்த ஜக்கராயர். வேங்கடபதி ராயருக்கு விசுவாசமான யாசம நாயக்கர், ஸ்ரீரங்கரின் மகன் ராமதேவன் என்ற சிறுவனை மட்டும் சிறையிலிருந்து தப்பவைத்தார். தஞ்சை ரகுநாத நாயக்கர் சிறுவன் பக்கம் நின்றார். மதுரை முத்துவீரப்ப நாயக்கர் கொலைகாரன் பக்கம் நின்றார். திருநெல்வேலிச் சீமை அன்று மதுரையின் ஆட்சியில். ஆக, சேரன்மகாதேவி வயலில் விளைந்ததற்குக் கட்டிய வரியும் அந்தப் பக்கத்துச் செலவுக்குத்தான் போயிருக்க வேண்டும். கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயர் மாண்டார். விஜயநகரம் அதன்பிறகு நிமிரவே இல்லை. மதுரைக்கு இதில் பெருமை ஒன்றும் கிடையாது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பார்த்து மயங்குகிற நாம், அவருடைய அண்ணன் தோப்பூரில் யார் பக்கம் நின்றார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குளோப் 1615இல் லண்டன் திரும்பியது. போட்ட முதலுக்கு 218 சதவீத லாபம். ஃப்ளோரிஸ் ஊர் சேர்ந்த அதே ஆண்டில் இறந்துபோனார். வேலூர் அரசர் கொடுத்த ஊர் யாருடைய கைக்கும் வரவில்லை. 1621இல் ஆங்கிலேயர்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களை ஒட்டிக் கொஞ்ச நாள் குடியிருந்து பார்த்துவிட்டு வெளியேறினார்கள். 1626இல் பழவேற்காட்டுக்கு வடக்கே இருந்த ஆர்மகானுக்குப் போனார்கள். அங்கிருந்து கிளம்பி இடம் தேடிய பிரான்சிஸ் டேயை அடுத்த வாரம் சந்திப்போம்.

அதற்கு முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1639இல் ஆங்கிலேயர்கள் நிலம் கேட்டுப் போனது, நிலைகுலைந்த ஒரு பேரரசின் உள்ளூர் நாயக்கரிடம். 1614இல் அவர்களை அழைத்தவரோ, டச்சுக்காரர்களையும் ஆங்கிலேயர்களையும் ஒருவருக்கொருவர் போட்டியாக வைத்து ஆளத் தெரிந்த ஒரு பேரரசர். கோட்டை அன்று எழும்பியிருந்தால், அது அவருடைய நிபந்தனையில் எழும்பியிருக்கும்.