டேவிட் போவியின் இரண்டு பேட்டிகள்

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "ஐயா, பிரபலங்கள் சிலர் தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவிக்கிறார்களே, எல்லாம் விளம்பரம்தானே?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பழைய கதைதான் வரும்.

1972 ஜனவரி. லண்டன் இசை இதழான 'மெலடி மேக்கர்' பேட்டியில், தான் தன்பாலீர்ப்பாளர், என்றுமே அப்படித்தான் என்றார் பாடகர் டேவிட் போவி. வயது 25. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. 1969இல் ஒரு பாட்டு பேர் வாங்கிக் கொடுத்ததோடு சரி. அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறும்பு தெரிந்ததாகப் பேட்டி எடுத்தவரே எழுதினார். ஜூனில் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' ஆல்பம் வந்தது. ஆள் எங்கேயோ போய்விட்டார்.

இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்று சட்டம் வந்து அப்போது 5 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதுவும் 21 வயது முடிந்தவர்களுக்கு, நான்கு சுவருக்குள் மட்டும்.

1983இல் 'லெட்ஸ் டான்ஸ்' உலகமெங்கும் விற்றது. அந்த ஆண்டே அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழில், அன்று அப்படிச் சொன்னது தன் பெரிய தவறு என்றார் போவி. சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றிவிட்டார்.

கழற்ற முடியாதவர் ஒருவர் இருந்தார். ஜோப்ரையத் என்ற அமெரிக்கப் பாடகர். அவரும் வெளிப்படையாகச் சொன்னவர். அவரை வைத்தும் விளம்பரம் தூள் பறந்தது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ராட்சதப் பலகையே வைத்தார்கள். 1973இலும் 1974இலும் வந்த இரண்டு ஆல்பங்களும் விற்கவில்லை. ஆளைக் கைகழுவினார்கள். 1983 ஆகஸ்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 36.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று இடிக்கிறது. தன்பாலீர்ப்பைப் பற்றி 1978இல் துணிந்து பாடிய டாம் ராபின்சன், போவி பின்னால் மாறிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்மைப் போன்ற பாடகர்களுக்கு அவர் தந்த தெம்பு பூகம்பம் மாதிரி என்றார். நடிப்பாகவே இருக்கட்டும், பார்த்த பையன்களுக்குக் கிடைத்த தைரியம் நடிப்பில்லையே!

ஆகவே தம்பி, போவி விஷயத்தில் உன் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் வகுப்பிலேயே ஒருவனை நடையையும் பேச்சையும் வைத்துக் கேலி செய்தீர்கள், நினைவிருக்கிறதா? நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் எந்த விளம்பரமும் தேடவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போனான்.

இது உன் கண்ணில் பட்டால் பேசுப்பா. என் நம்பர் பழையதுதான்.